சாரலும் துருவும்: ஓர் இரும்புக் கைத்துப்பாக்கியின் பாடம்



"மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "துப்பாக்கியைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். பக்கத்தில் இருந்த நண்பன் ஒருவன், "என்னலே, என்கவுண்டர் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் போறியா?" என்று கேலி செய்தான். நான் எழுத நினைத்தது சுடுவதைப் பற்றி அல்ல. ஒரு கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதைவிட முக்கியமாக, எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதைப் பற்றி. டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு இது சம்பந்தம் இல்லாத விஷயம் அல்ல என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

என் தாய்மாமா காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்மரர் என்றால் ஆயுதங்களைப் பழுது பார்த்து, பராமரித்து, கணக்கு வைப்பவர். தென்காசியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். போன ஆனி மாதம், வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்:

"மாமா, உலகத்துலயே நல்ல பிஸ்டல் எது?"

மாமா பதில் சொல்லவில்லை. என் பைக்கைப் பார்த்தார். "அந்தச் செயினுக்குக் கடைசியா என்னைக்கு எண்ணெய் விட்டே?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. செயின் செம்பழுப்பாக இருந்தது.

"அப்பொறம் உனக்கு எந்தப் பிஸ்டல் குடுத்தாலும் ஒண்ணுதான் மருமவனே" என்று சிரித்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தார். அன்று கேட்டதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

செங்கோட்டையிலிருந்து தொடங்குவோம்

நம் பக்கத்து ஊருக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரு சரித்திரத் தொடர்பு உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியம் நாட்டில் தயாரான பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அந்த ரயில் நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்றே அழைக்கப்படுகிறது. இதெல்லாம் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் பிரௌனிங் என்பது யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஜான் பிரௌனிங் அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர். அப்பா பட்டறையில் தொழில் கற்றவர். பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் எர்ஸ்டால் என்ற ஊரில் உள்ள எஃப்.என். நிறுவனம் அவருடைய வடிவமைப்புகளைத் தயாரித்தது. 1926-ல் லியேஜில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவர் இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட ஒரு பிஸ்டலை டியூடோனே செவ் என்ற பெல்ஜிய வடிவமைப்பாளர் முடித்தார். 1935-ல் வெளிவந்த அந்தப் பிஸ்டலின் பெயர் 'ஹை பவர்'. 9 மில்லிமீட்டர் ரவை, மேகசீனில் 13 தோட்டா, முழுக்க எஃகு ஃப்ரேம்.

இரண்டாம் உலகப்போரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலையிலேயே தனக்கு ஹை பவர் செய்துகொண்டது. எதிர்ப்பக்கத்தில் கனடாவின் டொராண்டோ நகரில் இங்கிலிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காக அதே பிஸ்டலைச் செய்தது. சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஒரே டிராயிங்கை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள் என்றால் மிகையாகாது!

அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான் நம் நாட்டு 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ'. மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரானது. ராணுவத்திலும் பல மாநிலக் காவல்துறைகளிலும் அதிகாரிகளின் இடுப்பில் நெடுங்காலம் தொங்கியது இதுவே. மாமா தன் பணிக்காலத்தில் அதிகம் கழற்றி மாட்டியதும் இதைத்தான்.

உள்ளே நடப்பது என்ன?

நமது 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பெரிய பாகங்கள் ஐந்துதான்: ஃப்ரேம், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, ஸ்லைடுக்குள் பேரல், அதன் கீழே ரீகாயில் ஸ்பிரிங், கைப்பிடிக்குள் மேகசீன்.

தோட்டா வெடிக்கும்போது ரவை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஸ்லைடு பின்னே தள்ளப்படுகிறது. ஆனால் சேம்பருக்குள் அழுத்தம் குறையாமல் ஸ்லைடு திறந்தால் ஆபத்து. அதனால் பேரலின் மேல் உள்ள மேடுகள் ஸ்லைடின் பள்ளங்களில் பூட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்னால் போகும். அதற்குள் ரவை வெளியேறி, அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேரலுக்கு அடியில் உள்ள கேம் அதன் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். பூட்டு விலகும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே போய், காலிக் கூட்டை வெளியே எறிந்து, ஹேமரைச் சாய்த்து, ஸ்பிரிங் தள்ளத் திரும்பி வரும்போது மேகசீனிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். கண் இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

இதில் ஸ்லைடு வழுக்கி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அது பிஸ்டல் அல்ல, இரும்புத் துண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை பின்னால் வருகிறது.

எந்த உலோகம்?

ஃப்ரேம் எதனால் ஆனது என்பதை வைத்து இன்றைய பணித் துப்பாக்கிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது எஃகு. ஹை பவரும் நம் 1ஏ-வும் இந்த ரகம். காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கனம் இடுப்புக்குச் சுமை, ஆனால் கைக்குச் சுகம். சுடும்போது எகிறுவதைக் கனம் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு ஓடும் தண்டவாளம் தேய நெடுநாள் ஆகும். எதிரி ஒன்றே ஒன்று: துரு.

இரண்டாவது அலுமினியக் கலவை. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அனோடைசிங் செய்தால் மேல்தோல் கடினமாகும், செம்பழுப்புத் துரு வராது. 1985-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட இத்தாலியின் பெரட்டா 92 இந்த வகை. ஆனால் அலுமினியம் என்றதும் இலேசு என்று ஏமாந்துவிடாதீர்கள். அது பெரிய துப்பாக்கி, காலி எடையே சுமார் 950 கிராம் வரும். இன்னொன்று, அனோடைசிங் தேய்ந்த இடத்தில் அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒட்டி நின்றால் அங்கே ஒரு குட்டி பேட்டரியே உருவாகி அலுமினியம் அரிக்கும். கால்வானிக் அரிப்பு என்று மெட்டலர்ஜி வகுப்பில் படித்தோமே, அதுதான்.

மூன்றாவது பிளாஸ்டிக், அதாவது பாலிமர். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17 இதில் புகழ்பெற்றது. காலி மேகசீனோடு சுமார் 700 கிராம். நம் தேசியப் பாதுகாப்புப் படைக் கமாண்டோக்களும் வைத்திருக்கிறார்கள். ஃப்ரேம் துருப்பிடிக்காது. ஆனால் ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங் எல்லாம் இதிலும் எஃகுதான். பிளாஸ்டிக் துப்பாக்கி என்று துடைக்காமல் விட்டவர்களும் மாமாவிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் எஃகு ஆயிற்றே என்று கேட்கலாம். குரோமியம் சேர்ந்திருப்பதால் துரு தாமதமாக வரும். வரவே வராது என்பது பொய். வியர்வையில் உள்ள உப்பு அதிலும் ஊசி குத்தியதுபோல் குழி போடும்.

"அப்போ எதைத்தான் எடுக்கணும் மாமா?" என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னார்:

"ஒண்ணு, உன் கைக்குள்ள அடங்கணும். பிடியைத் தளர்த்தாம விரல் ட்ரிக்கருக்கு எட்டணும். ரெண்டு, ஸ்பேர் கிடைக்கணும். ஸ்பிரிங் கிடைக்காத துப்பாக்கி ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு. மூணு, எல்லார்ட்டயும் ஒரே மாடல் இருக்கணும். மேகசீன் மாறிப்போனா ராத்திரியில யாரு தேடுவா? நாலு, அதை வச்சு எத்தன தடவை பயிற்சி எடுத்திருக்கே? கடைசியாத்தான் கம்பெனி பேரு."

லேத் வாங்குவதாக இருந்தாலும் மோட்டார் வாங்குவதாக இருந்தாலும் இந்த நான்கு கேள்வியும் பொருந்துகிறது அல்லவா?

குற்றாலத்துக் காற்று

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நமக்கெல்லாம் திருவிழா. மலை இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று நுழையும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம் அலைமோதும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். உடம்புக்கு இதம். எஃகுக்கு எமன்.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும். சாரல் காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள், ஈரம் எவ்வளவு என்று தெரியும். பிஸ்டலின் கறுப்பு நிறம் பெயின்ட் அல்ல. புளூயிங் என்பார்கள். சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எஃகின் மேல்தோலையே கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றுவது. மைக்ரான் கணக்கில் மெல்லியது. அது கவசம் அல்ல, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சல்லடை. எண்ணெய் போனால் கறுப்பும் போகும்.

இனி அந்தக் கதை. எந்த ஊர், எந்த நிலையம் என்று மாமா சொல்லவில்லை. மலையடிவாரத்து ஊர் ஒன்று, சீசன் நேரம். ஒரு உதவி ஆய்வாளர் இருபது நாள் தொடர்ந்து பந்தோபஸ்து பார்த்துவிட்டு, வழக்கமான பரிசோதனைக்குப் பிஸ்டலைக் கொண்டுவந்தார். மாமா வாங்கினார். மேகசீனைக் கழற்றினார். ஸ்லைடை இழுத்தார். அசையவில்லை. இன்னொரு தரம் பலமாக இழுத்தார். ம்ஹூம்.

"ஒரு நாள்கூட நனைய விடலையே! மழை வந்தா உறைய மூடிருவேனே!" என்றார் அதிகாரி.

மாமா அவருடைய தோல் உறைக்குள் விரலை விட்டு வெளியே எடுத்துக் காட்டினார். விரல் ஈரம்.

தோல் சாரலைக் குடிக்கும், வியர்வையைக் குடிக்கும். மூடிய உறை அதை வெளியே விடாது. தோலைப் பதனிடும் உப்பும் ரசாயனமும் அந்த ஈரத்தில் கரைந்து எஃகை அணைத்துக்கொண்டு கிடக்கும். இருபது நாள், இருபத்துநான்கு மணி நேரமும் அதற்குள் இருந்தது அந்தப் பிஸ்டல். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். ஸ்லைடுக்கும் தண்டவாளத்துக்கும் இருந்த இம்மியளவு இடைவெளியை அது நிரப்பிவிட்டது.

மாமா எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றியபோது அதிகாரி பேசாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னாராம்: "முந்தாநாள் ராத்திரி அரிவாளோட ஒருத்தன தேடி தென்னந்தோப்புக்குள்ள தனியாப் போனேன். இதை நம்பித்தான் போனேன்."

அன்று அவன் தோப்பில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பராமரிப்பு: மாமாவின் வரிசை

முதலில் ஒரு எச்சரிக்கை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 9 எம்.எம். நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. கீழே வருவது அறிவுக்காக மட்டும்.

1. காலி செய்வது. வாயைப் பத்திரமான பக்கம் திருப்பு. முதலில் மேகசீனைக் கழற்று. அப்புறம் ஸ்லைடை இழுத்துப் பிடித்து, சேம்பரைக் கண்ணால் பார், விரலால் தொடு. இந்த வரிசை மாறக்கூடாது.

இதைச் சொல்லும்போது மாமா தன் இடது காதைத் தொட்டுக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரிசையாக வந்த பிஸ்டல்களைச் சோதித்துக்கொண்டிருந்தாராம். ஒன்றைக் கொடுத்தவர் "காலிதான்" என்றார். மாமா அவசரத்தில் மேகசீனைக் கழற்றாமலே ஸ்லைடை இழுத்து விட்டார். ஸ்லைடு திரும்பும்போது மேகசீனிலிருந்து ஒரு தோட்டா உள்ளே ஏறிவிட்டது. பிறகுதான் மேகசீனைக் கழற்றினார். பிரௌனிங் வகையில் மேகசீன் இல்லாவிட்டால் ட்ரிக்கர் வேலை செய்யாதபடி ஒரு பாதுகாப்பு உண்டு. அதனால் ஹேமரை இறக்குவதற்காக ஒரு காலி மேகசீனைப் போட்டு ட்ரிக்கரை அழுத்தினார். அறை அதிர்ந்தது.

ரவை மணல் வாளிக்குள் போனது. வாயை மணல் வாளிப் பக்கமே வைத்திருக்க வேண்டும் என்று அவருடைய சீனியர் தினமும் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார். வாளிக்கு நாலடி தள்ளி ஒரு காவலர் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது அறிவு இல்ல மருமவனே, பழக்கம்" என்றார். அந்தக் காதில் இன்றும் பாதிதான் கேட்கும்.

2. துடைப்பது. பாகங்களைப் பிரித்து, சேம்பர் பக்கமிருந்து பேரலுக்குள் பித்தளை பிரஷ் விட வேண்டும். பிறகு புல்த்ரூவில் சிந்தித் துணி கட்டி, துணி வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். என்.சி.சி. நண்பர்களுக்கு இது தெரியும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அப்படியே விட்டால் மறுநாள் காலையில் துரு நிச்சயம்.

3. எண்ணெய். ஆயுத எண்ணெய் மட்டும்தான். ஸ்லைடு ஓடும் தண்டவாளம், பேரலின் வெளிப்பக்கம், பூட்டும் மேடுகள், கேம் ஆகிய இடங்களில் ஒவ்வொரு சொட்டு. வெளிப்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். குளிப்பாட்டக்கூடாது. அதிக எண்ணெயில் தூசி ஒட்டிக் கூழாகும். தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா செத்துப்போகும். தேங்காய் எண்ணெய் போட்டவர்களும் உண்டு! அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊர் மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாதே, அதே கதிதான் ஸ்லைடுக்கும். நாளானால் பிசினாகவும் மாறும்.

4. மேகசீன். சுடாமல் நிற்கும் துப்பாக்கிகளில் பாதிக் குற்றவாளி இதுதான். உதடு வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே எண்ணெய் கூடாது, உலர்ந்த துணி போதும். ஒவ்வொரு மேகசீனுக்கும் நம்பர் போட்டு வைத்தால், தகராறு செய்வது எது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

5. இருப்பிடம். தோல் உறை என்பது பணி நேரத்துக்கு மட்டும். டியூட்டி முடிந்ததும் பிஸ்டல் வேறு, உறை வேறு. உறையை நிழலில், காற்றில் உலர்த்த வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

6. சாரல் காலத்து விதி. சுட்டாலும் சுடாவிட்டாலும் தினம் ஒரு தடவை துடைக்க வேண்டும். "மழையில நனைஞ்ச துப்பாக்கி துருப்பிடிக்காது. அன்னைக்கே தொடச்சிருவான். நனையலன்னு நெனச்ச துப்பாக்கிதான் துருப்பிடிக்கும்" என்பது மாமாவின் முப்பது வருட அனுபவம்.

நமக்கு என்ன?

1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது திருச்சியும் இஷாப்பூரும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. நம்மில் சிலர் நாளை அங்கே அப்ரண்டிஸாகப் போகலாம். சிலர் காக்கிச் சட்டை போடலாம். பலர் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மெஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறோம். நல்ல எஃகை யாரோ தேர்ந்தெடுத்திருப்பார்கள், நல்ல டிராயிங்கை யாரோ போட்டிருப்பார்கள். ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதைத் துடைக்கும் கை நம்முடையது. மறுநாள் அதை நம்பி நிற்பவர் வேறு யாரோ.

நம் ஒர்க்ஷாப்பில் லேத் பெட்டைத் துடைக்காமல் போனால் இன்ஸ்ட்ரக்டர் சார் சத்தம் போடுவார். முதல் வருடத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த உதவி ஆய்வாளர் ஞாபகம்தான் வருகிறது.

அன்று மாமா வீட்டிலிருந்து கிளம்பும்போது தூறல் விட்டிருந்தது. "ஏலே, நில்லு" என்று உள்ளே போய் ஒரு எண்ணெய்க் குப்பியும் பழைய துணியும் கொண்டுவந்து கொடுத்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து செயினைத் துடைத்தேன். முடித்து எழும்வரை அவரும் பக்கத்திலேயே நின்றார்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு